இரண்டு சர்வர், இருபத்து மூணு லாரி

எங்கள் தொழிலில் கெட்டிக்காரி யாரென்றால், அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று ஆபீசில் ஒருத்தருக்கும் தெரியாமல் இருப்பவள்தான். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் நம்மை யாரும் தேட மாட்டார்கள். நின்றுவிட்டால் வாட்ச்மேன் வரைக்கும் தேடுவார்கள். டேட்டாபேஸைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற மக்களே, உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நான் தூத்துக்குடியில் கன்டெய்னர் யார்டு வைத்திருக்கிற ஒரு கம்பெனியில் இருக்கிறேன். சாயர்புரம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழிலேயே படித்து, டிப்ளமோ முடித்து, தட்டுத்தடுமாறி இந்த வேலைக்கு வந்தவள். எந்த லாரி எந்தப் பெட்டியோடு உள்ளே வந்தது, பெட்டியை எந்த இடத்தில் இறக்கினார்கள், எந்தக் கப்பலுக்குப் போகிறது என்பதெல்லாம் டேட்டாபேஸில் இருக்கும். அது நின்றால் லாரியெல்லாம் ரோட்டில் நிற்கும். கப்பல் யாருக்காகவும் நிற்காது. அதனால் ஒரே மாதிரி இரண்டு சர்வர் வைத்திருக்கிறோம். ஒன்று யார்டில், ஒன்று டவுன் ஆபீசில். ஒன்றில் எழுதினால் கண் இமைக்கிறதற்குள் மற்றதிலும் எழுதப்பட்டுவிடும். ஒன்று படுத்தால் மற்றது எழுந்து வேலையைப் பார்க்கும். இந்த ஏற்பாட்டைப் பராமரிப்பதுதான் என் வேலை.

இதில் சிரிக்கிற மாதிரி நடந்ததும் உண்டு. ஆனால் பதினோரு வருஷமாக யார்டு கேட்டில் உட்கார்ந்து பாஸ் அடித்துக்கொடுத்த ஜெசிந்தா அக்காவின் நாற்காலி என்னால் போன கதையும் இதற்குள்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் நான் திருந்தவில்லை என்று அர்த்தம்.

சேர்ந்து குதித்தது

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேனேஜர் செல்வின் சாரிடம் ரொம்பப் பெருமையாகச் சொல்லியிருந்தேன்: "ரெண்டு சர்வர் இருக்கு சார், இனி எதுவும் காணாமப் போகாது." சார் நாசரேத்துக்காரர். வீட்டில் எல்லாரும் வாத்தியார்கள். யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். ஆனால் மறக்க மாட்டார்.

இரண்டாவது வாரமே, சோதனைக்காகப் போட்டு வைத்திருந்த நாலு டிரைவர் பெயரை அழிக்கப் போய், இருந்த டிரைவர் பெயர் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். பதறிப்போய் இரண்டாவது சர்வரைத் திறந்தால், அதுவும் நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் அழித்து வைத்திருந்தது. அதன் வேலையே அதுதானே. இங்கே எழுதினால் அங்கேயும் எழுதும். இங்கே அழித்தால் அங்கேயும் அழிக்கும். நல்லவேளை, முந்தின நாள் எடுத்து வைத்த காப்பி இருந்தது. அன்று காலையில் புதிதாகச் சேர்த்த பதினாலு டிரைவர்களின் பெயரையும் வண்டி நம்பரையும் ஜெசிந்தா அக்கா கேட்டிலிருந்து ஒன்றும் பார்க்காமல் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். எல்லாம் முடிந்ததும் சார் கேட்டார்: "ஏம்மா, ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு தூக்கிவிடும்னு சொன்ன. இது கையைப் பிடிச்சிக்கிட்டுச் சேர்ந்துல்லா குதிச்சிருக்கு?"

ஒன்றும் நடக்கவில்லை

இறால் ஏற்றுமதி செய்கிற அண்ணாச்சி ஒருத்தருக்கு எங்கள் மேல் சந்தேகம். குளிர்பெட்டி கேட்டில் ஒரு மணி நேரம் நின்றாலே பத்து தடவை போன் அடிப்பார். "உங்க கம்ப்யூட்டர் படுத்தா என் இறாலும்லா படுத்துரும்" என்பார். அவருக்குத் தைரியம் சொல்ல, நேரில் கூப்பிட்டுச் செய்து காட்டச் சொன்னார் செல்வின் சார். நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். அண்ணாச்சியைக் கேட் ஸ்கிரீன் முன்னால் உட்கார வைத்து, "இப்ப யார்டு சர்வரை நிறுத்தப் போறேன், பாருங்க" என்று சொல்லி நிறுத்தினேன்.

ஜெசிந்தா அக்கா தன்பாட்டுக்கு லாரி நம்பரை அடித்துக்கொண்டிருந்தாள். பாஸ் வந்தது. அடுத்த லாரி. அடுத்த பாஸ். டவுன் சர்வர் சத்தமில்லாமல் பொறுப்பை எடுத்துக்கொண்டுவிட்டது. என் வாழ்க்கையிலேயே நான் செய்த சுத்தமான வேலை அது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. அண்ணாச்சி பத்து நிமிஷம் ஸ்கிரீனையே பார்த்துவிட்டு எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு சொன்னார்: "ஒண்ணுமே நடக்கலியே தாயி. இதைக் காட்டவா வெயில்ல இம்புட்டுத் தூரம் வரச் சொன்ன?"

மூன்றாவது ஓட்டு

இனி வெட்கக்கேடு ஆரம்பம். இரண்டு சர்வருக்கும் நடுவில் லைன் அறுந்துபோனால் ஒரு ஆபத்து உண்டு. இரண்டும் நல்லாத்தான் இருக்கும். ஆனால் 'மற்றவன் செத்துட்டான், இனி நான்தான்' என்று நினைத்துக்கொண்டு தனித்தனியாக எழுத ஆரம்பித்துவிடும். அப்படி ஆகாமலிருக்க மூன்றாவதாக ஒரு குட்டி மெஷின் வேண்டும். அது ஒன்றும் எழுதாது, ஓட்டு மட்டும் போடும். மூன்று ஓட்டில் இரண்டு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் எழுதலாம். ஒற்றை ஓட்டோடு நிற்கிற பக்கம் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். இந்தக் குட்டி மெஷின் யார்டிலும் இருக்கக் கூடாது, டவுனிலும் இருக்கக் கூடாது. இரண்டு பக்கத்தையும் தள்ளி நின்று பார்க்கிற மாதிரி மூன்றாவது இடத்தில், தனி லைனில் இருக்க வேண்டும்.

அதற்குத் திருச்செந்தூர் ரோட்டில் இருக்கிற எங்கள் கம்பெனியின் உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி மாடியைக் குறித்திருந்தோம். மாடிக்கு ஏற இரும்பு ஏணிதான். எனக்கு அப்போது எட்டாவது மாசம். ஏணியை அண்ணாந்து பார்த்தேன், வயிற்றைக் குனிந்து பார்த்தேன், திரும்பி வந்து குட்டி மெஷினை யார்டு சர்வர் ரூமிலேயே மூலையில் வைத்து, பக்கத்து பிளக்கில் சொருகிவிட்டேன். பிள்ளை பெற்று வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பு. ஸ்கிரீனில் மூன்றும் பச்சையாகத் தெரிந்தது. சாருக்குக் கொடுத்த படத்தில் மட்டும் மூன்றாவது மெஷினைக் கிட்டங்கியிலேயே வரைந்திருந்தேன். அழகாகவே வரைந்திருந்தேன்.

மெஷின் மூலையில் இருப்பதைப் பார்த்த ஒரே ஆள் எலெக்ட்ரீசியன் முத்துராஜ் அண்ணன். ஓட்டுக் கணக்கை அவருக்கு ஏற்கெனவே விளக்கியிருந்தேன். மூலையைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "மூணாவது ஓட்டையும் இங்கனயே கொண்டாந்து வச்சிட்டியளே. இனி எலெக்‌ஷன் எதுக்கு, யார்டு ஜெயிச்சாச்சுன்னு மைக் கட்டிர வேண்டியதுதான?"

ஒன்று என்றால் பால், இரண்டு என்றால் லேப்டாப்

மகன் பிறந்து நாலு மாசத்தில் வேலைக்குத் திரும்பினேன். பாதி நாள், தூத்துக்குடி பக்கத்திலேயே இருக்கிற சின்னப் புதுக்கோட்டை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சார் அனுமதித்தார். குட்டி மெஷினை மாற்றும் வேலை அப்படியே கிடந்தது. பிள்ளை வந்த வீட்டில் எது கிடக்கும், எது நடக்கும் என்று தாய்மார்களுக்குத் தெரியும்.

போன் எப்போதும் சத்தமில்லாமல்தான் இருக்கும், இல்லையென்றால் மகன் எழுந்துவிடுவான். கேட்டில் லாரி இரைச்சலில் ஜெசிந்தா அக்காவாலும் பேச முடியாது. அதனால் அக்காவே ஒரு ஏற்பாடு செய்தாள். ஒரு மிஸ்டு கால் என்றால் சிஸ்டம் நல்லா ஓடுது. இரண்டு மிஸ்டு கால் என்றால் நின்றுபோச்சு, உடனே பார். எங்கள் சர்வர்களும் இப்படித்தான். நொடிக்கொரு தரம் ஒன்றையொன்று 'இருக்கியா, இருக்கியா' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அக்கா கம்ப்யூட்டர் படித்தவளில்லை, ஆனால் அதே யோசனை அவளுக்கும் வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் சொன்னாள்: "ஏளா மெர்சி, ஒண்ணுன்னா நீ பிள்ளைக்குப் பால் குடு. ரெண்டுன்னா பிள்ளைய இறக்கி விட்டுட்டு லேப்டாப்பைத் தூக்கு."

கேபிள் அறுந்த காலை

ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டிய மெஷின் எங்கள் கேபிளையும் சேர்த்துத் தோண்டிவிட்டது. எனக்கு அது தெரியாது. டவுன் ஆபீசிலும் ஒரு கவுண்டர் உண்டு, யார்டுக்கு வரும் லாரிகளுக்கு அங்கேயே பாஸ் கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் கவுண்டரிலிருந்து மெசேஜ் வந்தது: பாஸ் அடிக்க முடியவில்லை, ஸ்கிரீன் சுற்றிக்கொண்டே நிற்கிறது. பார்த்தேன். டவுன் சர்வர் ஒற்றை ஓட்டோடு வாயை மூடிக்கொண்டு நிற்கிறது. யார்டு சர்வரைக் கூப்பிட்டால் பதில் இல்லை. மூலையில் நான் வைத்த குட்டி மெஷினும் அதே அறுந்த லைனில்தானே, அதுவும் பேசவில்லை. யார்டே செத்துப்போச்சா, நடுவில் லைன்தான் போச்சா? சொல்ல வேண்டிய மூன்றாவது ஆளை நான்தான் உள்ளே பூட்டி வைத்திருக்கிறேன்.

அப்போது போனில் ஒரு மிஸ்டு கால். ஜெசிந்தா அக்கா. நிம்மதியாக மூச்சு விட்டேன். அரை நிமிஷத்தில் இன்னொன்று. இரண்டு! திருப்பி அடித்தேன், எடுக்கவில்லை. யார்டு லேண்ட்லைனும் அதே கேபிள்தான். மற்றவர்களுக்கு அடித்தும் பயனில்லை. யார்டுக்குள் போகிறவர்கள் போனைக் கேட்டில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். முத்துராஜ் அண்ணன் போன், சூப்பர்வைசர் போன் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் கிடந்து ஒன்றாக அடித்திருக்கும். சரி, யார்டு படுத்துவிட்டது என்று முடிவு செய்து, டவுன் சர்வரிடம் 'ஓட்டெல்லாம் பார்க்காதே, நீயே எழுது' என்று கட்டாயப்படுத்திக் கட்டளை கொடுத்தேன். 'நிச்சயமாகவா?' என்று அது கேட்டது. மடியில் மகனை வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் ஆமாம் என்று அடித்தேன்.

யார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. குட்டி மெஷினும் அங்கேயே இருந்ததால் இரண்டு ஓட்டோடு ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நாற்பது நிமிஷம் கழித்துத்தான் அக்கா போனை எடுத்தாள். ரெண்டு கால் எதுக்குக்கா கொடுத்தீங்க என்றேன். "லேண்ட்லைன் செத்துப்போச்சு, நீ பதறுவியேன்னு, சிஸ்டம் ஓடுதுன்னு சொல்ல ஒண்ணு. பெறவு எங்க கொழுந்தன் வள்ளத்துல பால்சுறா வந்திருக்காம், பால் குடுக்கிற பிள்ளைக்கு நல்லதுல்லா, எடுத்து வைக்கவான்னு கேக்க இன்னொண்ணு."

ஒரே நம்பர், இரண்டு லாரி

இப்போது கணக்கு என்னவென்றால், நாற்பது நிமிஷமாக இரண்டு சர்வரும் தனித்தனியாகப் பாஸ் கொடுத்திருக்கின்றன. கேட்டில் ஜெசிந்தா அக்கா இருபத்து மூணு லாரி. டவுன் கவுண்டரில் ஒன்பது லாரி. இரண்டு பக்கமும் அடுத்த நம்பர் என்று ஒரே நம்பரிலிருந்துதான் ஆரம்பித்திருக்கின்றன. கேபிளை ஒட்டியதும் இரண்டும் 'நான் வைத்திருப்பதுதான் சரி' என்று நின்றன. யாராவது ஒருத்தரைத்தான் வைத்துக்கொள்ள முடியும். கடைசியாக நான் கட்டாயப்படுத்திய டவுனையே வைத்துக்கொண்டு, யார்டு எழுதியதைத் துடைத்து, டவுனைப் பார்த்து எழுத வைத்தேன். துடைப்பதற்கு முன்னால் யார்டில் இருந்ததை ஒரு காப்பி எடுத்து, லேப்டாப்பில் 'தடுப்பூசி' என்று மகனுக்காக வைத்திருந்த ஃபோல்டரில் போட்டேன். சாயங்காலம் அந்த இருபத்து மூணையும் ஓசைப்படாமல் சேர்த்துவிடலாம் என்று எண்ணம்.

சாயங்காலம் வரை உலகம் காத்திருக்கவில்லை. டவுனில் பாஸ் வாங்கிய லாரிகள் யார்டுக்கு வந்து சேர்ந்தன. ஒரே நம்பர், ஒரே இறக்குமிடம், இரண்டு பெட்டி. பெட்டி தூக்கும் வண்டியை நடுவில் நிறுத்திவிட்டு ஆபரேட்டர் இறங்கிவிட்டார். இரண்டு டிரைவரும் பாஸை ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் ஆட்டினார்கள். செல்வின் சார் வந்து சிஸ்டத்திலிருந்து பட்டியல் எடுத்துப் பார்த்தார். டவுன் கொடுத்த ஒன்பதும் இருந்தது. அக்கா கொடுத்த இருபத்து மூணில் ஒன்றுகூட இல்லை. இரண்டு டிரைவரில் பெரியவர் அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "என்னம்மா, பதினோரு வருஷமா உங்க கையால பாஸ் வாங்குதோம். இன்னைக்கு நாங்க உள்ள வந்ததே இல்லன்னு சொல்லுதாக?"

சிஸ்டம் என்ன சொல்லுது?

மறுநாள் சார் ரூமில் மீட்டிங். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "நான் அடிச்சேன், ஸ்கிரீன்ல வந்துச்சு, சேவ் குடுத்தேன், பெறவுதான் பிரிண்ட்" என்று அக்கா நாலு தடவை சொன்னாள். சார் என் பக்கம் திரும்பி, "சிஸ்டம் என்ன சொல்லுதும்மா?" என்றார். அந்த இடத்தில் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது: "சிஸ்டத்துல அந்த இருபத்து மூணு என்ட்ரி இல்ல சார்." ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. கேபிள் அறுந்ததைச் சொன்னேன். கட்டாயப்படுத்தியதைச் சொல்லவில்லை. மூலையில் இருந்த குட்டி மெஷினைச் சொல்லவில்லை. ஃபோல்டரைச் சொல்லவில்லை. படத்தில் கிட்டங்கியை வரைந்து கொடுத்தவள் எந்த முகத்தோடு சொல்வாள்? கைப்பிள்ளைக்காரி, வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று எனக்கு நானே ஞாயம் வேறு சொல்லிக்கொண்டேன்.

சேவ் கொடுக்காமல் பிரிண்ட் எடுத்துவிட்டாள் என்று முடிவாயிற்று. கேட்டிலிருந்து அக்காவை எடுத்து, காலிப் பெட்டி சோதிக்கிற பக்கம் போட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் அவள் கொடுத்தனுப்பிய பால்சுறாவை நான் புட்டு செய்து, ருசித்துச் சாப்பிட்டிருந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ரூமை விட்டு வெளியே வந்ததும் அக்கா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏளா, உன் முகம் ஏன் இப்படி இருக்கு? நேத்து பிள்ள தூங்கலியா?"

காலிப் பெட்டிக்குள்

காலிப் பெட்டி சோதிப்பது எப்படி என்று உங்களில் பலருக்குத் தெரியாது. ஆள் உள்ளே போய் நிற்க வேண்டும். கதவை வெளியிலிருந்து சாத்துவார்கள். உள்ளே கும்மிருட்டு. எங்கேயாவது ஊசி முனையளவு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் ஓட்டை, மழைத்தண்ணீர் இறங்கும். தெரியாவிட்டால் நல்ல பெட்டி. தூத்துக்குடி வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் இரண்டு நிமிஷம் நிற்பது என்னவென்று நானே ஒரு தரம் போய் நின்று பார்த்தேன். ஒரு நிமிஷத்தில் கதவைத் தட்டிவிட்டேன். அக்கா ஒரு நாளைக்கு முப்பது பெட்டி பார்த்தாள்.

பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏதாவது கொடுக்க வேண்டும்போல இருக்கும். மோர் கொண்டுபோனேன். வெள்ளரிக்காய் கொண்டுபோனேன். தலைக்குக் கட்ட நல்ல துண்டு ஒன்று வாங்கிக்கொடுத்தேன். உண்மையைத் தவிர எல்லாவற்றையும் கொண்டுபோனேன். மோரைக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு நாள் அவள் சொன்னாள்: "உள்ள இருட்டுல நிக்கும்போது அந்த இருபத்து மூணு வண்டி நம்பரையும் வரிசையாச் சொல்லிப் பாத்தேம்ளா. ஒண்ணு விடாம வருது. இம்புட்டு ஞாபகம் இருக்கிறவ சேவ் குடுக்க மறந்திருப்பனா?"

இங்கிலீஷ் லெட்டர்

அந்த மீட்டிங் நடந்து இருபத்தாறாவது நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் பூசை முடிந்து நேராகப் பஸ் பிடித்துப் புதுக்கோட்டைக்கு வந்தாள் அக்கா. வந்ததும் மகனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பையிலிருந்து பிளாஸ்டிக் கவருக்குள் மடித்த ஒரு லெட்டரை எடுத்தாள். கம்பெனி கொடுத்தது. இதில் கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது, கேட்டுக்குத் திரும்பலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு பக்கம் முழுக்க இங்கிலீஷ். "நீதான் படிச்ச பிள்ள, வாசிச்சுத் தமிழ்ல சொல்லு, போட்டுக் குடுத்துர்றேன்" என்றாள்.

எனக்கும் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். முதல் வரியை வாசித்தேன். 'என் கவனக்குறைவால்' என்று இருந்தது. இரண்டாவது வரி. 'பதிவு செய்யாமல் இருபத்து மூன்று பாஸ்கள் கொடுத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.' நான் செய்ததை, 'நான்' என்று சொல்லி, அவள் பெயரில், அவளுக்கே வாசித்துக் காட்ட வேண்டும். மூன்றாவது வரிக்குப் போகாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஏணி, மூலை, கட்டாயப்படுத்தினது, துடைத்தது, தடுப்பூசி ஃபோல்டர். இரண்டாவது மிஸ்டு காலை நான் தப்பாக எடுத்ததையும் சொன்னேன்.

அக்கா கத்துவாள், அடிப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். மகன் அவள் கழுத்துச் செபமாலையைப் பிடித்து இழுத்தான். விரல் விரலாக விடுவித்து அவனை என் மடியில் கொண்டுவந்து வைத்தாள். நான் காய்ச்சி வைத்த காபியைத் தொடவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி, லெட்டரை என் கையில் திணித்தாள். "எழுதினது எல்லாம் சரியாத்தான் இருக்கு. பேரை மட்டும் மாத்தி நீ கையெழுத்துப் போடு."

செல்வின் சார் ரூமில்

திங்கட்கிழமை காலை சார் வருவதற்கு முன்னாலேயே போய் வாசலில் நின்றேன். ஃபோல்டரில் இருந்த காப்பியைத் திறந்து காட்டினேன். இருபத்து மூணு லாரியும் இருந்தது, நொடிக் கணக்கோடு. ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார் சார். வாசித்தேன். பத்தாவது லாரியோடு நிறுத்தப் பார்த்தேன்; அவர் விடவில்லை. வண்டி நம்பர், வந்த நேரம், சேவ் கொடுத்த நேரம். ஒரு இடத்திலும் பிசகு இல்லை. அந்த இரைச்சலில், போன் பெட்டி முழுக்க அலறிக்கொண்டிருக்கும்போது, இரண்டு நிமிஷத்துக்கு ஒன்றுக்கும் மேலாக அக்கா அடித்துக்கொடுத்திருக்கிறாள்.

பிறகு மூன்றாவது மெஷினைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். நான் வரைந்து கொடுத்த படத்தை மேஜை டிராயரிலிருந்து எடுத்து என் பக்கம் தள்ளினார். லெட்டரில் பெயரை மாற்றி அடித்துக்கொண்டு போயிருந்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், என் ஃபைலில் வைத்துக்கொண்டார். வேலையை விட்டு அனுப்பவில்லை. 'இந்தக் காப்பியை எடுத்து வைத்தாயே, அதற்காக' என்று மட்டும் சொன்னார். அதுவே போதும் என்று எழுந்தவளை நிறுத்தி, மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு நீ இந்த ரூம்ல சொன்னதுல ஒரு பொய்கூட இல்லம்மா. அதை நினைச்சாத்தான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

ஏணி

அன்று மத்தியானமே குட்டி மெஷினைத் துண்டில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு கிட்டங்கி மாடிக்கு ஏறினேன். முத்துராஜ் அண்ணன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். தனி லைன், தனி பிளக். மேலேயிருந்து யார்டையும் கூப்பிட்டுப் பார்த்தேன், டவுனையும் கூப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் பதில் சொல்லின. மொத்தம் இருபத்தைந்து நிமிஷ வேலை. பிரசவம் முடிந்து வந்த முதல் வாரத்தில் எப்போது வேண்டுமானாலும் செய்திருக்கலாம். முகமெல்லாம் உப்பும் தூசியுமாக இறங்கி வந்தேன். அண்ணன் சொன்னார்: "இம்புட்டுத்தானா? நான் என்னமோ மலை ஏறப் போறியன்னுல்லா லீவு சொல்லிட்டு வந்தேன்."

கேட்டில்

செவ்வாய்க்கிழமை காலை ஜெசிந்தா அக்கா நாற்காலிக்குத் திரும்பினாள். சார் எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் "சரி சார், லாரி நிக்கி" என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அக்கா நிமிராமல் அடுத்த வண்டி நம்பரை அடித்தாள். அந்த இருபத்து மூணு லாரியையும் திரும்ப டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும், வண்டிக்கு வண்டி சரிபார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும், அது என் தண்டனை. டிரைவர்கள் வர வர, கேட்டுக்கு வெளியே வெயிலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருத்தராகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ஒரே நம்பருக்காகச் சண்டை போட்ட இரண்டு டிரைவரில் பெரியவர் வந்தார். ஜன்னல் வழியாக அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வந்துட்டியளா! அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?" என்று கேட்டார். அக்கா பாஸைக் கிழித்துக் கொடுத்தாள். கேட்டை விட்டுப் போனதிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள்; என்னைப் பார்த்து இல்லை. யார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "என்னைய ஏன் கேக்கிய அண்ணாச்சி? அங்கன ஸ்டூல்ல உக்காந்திருக்கா பாருங்க, உங்க லாரிய இல்லாம ஆக்குனவ, அவட்டயே கேளுங்க. இப்பல்லாம் கேட்டா சொல்லுதா."

இரண்டு மெஷினை ஒரே உண்மையைச் சொல்ல வைக்க நொடிகூட ஆகாது. எனக்கு, நான் ஒருத்திதான் இருக்கிறேன், இருபத்தாறு நாள் ஆயிற்று.